சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட்?



நம் டிஜிட்டல் லேபில் ஒரு ஐ.சி. நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? டிரெய்னர் கிட்டில் செருகுகிறோம். ட்ரூத் டேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 00, 01, 10, 11 என்று சுவிட்சைத் தட்டுகிறோம். எல்.இ.டி. எரிய வேண்டிய இடத்தில் எரிந்து, அணைய வேண்டிய இடத்தில் அணைந்தால் "ஐ.சி. ஓ.கே. சார்" என்று சொல்லி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். வைவாவில் கூட அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அப்படி நான்கு வரிக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒரு ஐ.சி. எங்கள் ஊர் வாழைத் தோட்டத்தில் என்ன செய்தது என்பதையும், அதன் குட்டை உடைத்த ஒரு சோதனை முறை உலகத்துக்கு எப்படி வந்தது என்பதையும் இந்த ஆண்டு மலரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் வாய்க்காலும் வருகிறது, மடையும் வருகிறது.

தோட்டத்துக் காவல்

எனக்குச் சொந்த ஊர் சிவகிரி. தென்காசி மாவட்டத்தின் வடகோடி. மேற்கே பார்த்தால் மலை. மலைக்குக் கீழே வாழை, கரும்பு, நெல், தென்னை. மலையை ஒட்டி இருப்பதால் தண்ணீர் வருகிறது. அதே வழியாகக் காட்டுப் பன்றியும் வருகிறது, சில சமயம் யானையும் இறங்குகிறது. எங்கள் பெரியப்பா அடிவாரத்தில் வாழை போட்டிருக்கிறார். ராத்திரிக் காவலுக்கு அவரேதான் குடிசையில் படுத்துக்கொள்வார்.

இந்த மாதிரி இடங்களில் சிலர் செய்கிற காரியம் உங்களுக்குத் தெரியும். லைனில் இருந்து நேராக ஒரு வயரை இழுத்து வேலிக் கம்பியில் கொடுத்துவிடுவது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். பன்றிக்கு வைத்த கம்பியில் யானை செத்திருக்கிறது. தண்ணீர் பாய்ச்சப் போன மனுசனும் செத்திருக்கிறான். பெரியப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"உசுரக் கொல்ற சோலி நமக்கு வேண்டாம்ல. நீ கரண்டுப் படிப்புதானே படிக்க? சத்தம் போட்டு வெரட்டுற மாதிரி ஏதாச்சும் செஞ்சு தா" என்றார்.

செய்து கொடுத்தேன். தோட்டத்தைச் சுற்றி மெல்லிய வைண்டிங் கம்பி. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கிடைப்பதுதான். மிருகம் முட்டினால் கம்பி அறுந்துவிடும். கம்பியில் வெறும் 9 வோல்ட். குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சர்க்யூட்டுக்கு மூளை ஒரு சி.டி. 4011, அதாவது நான்கு நேண்ட் கேட் உள்ள சி.மாஸ் ஐ.சி. அதில் இரண்டு கேட்டை வைத்து ஒரு லாட்ச். கம்பி அறுந்தால் லாட்ச் மாறும், டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கும், பழைய பைக் பேட்டரியில் ஓடும் சைரன் ஊதும். லாட்சுக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி.

கணக்கும் போட்டேன். கம்பி அறுபடாமல் இருக்கும்போது, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போவது 9 மைக்ரோ ஆம்பியர் மட்டும். ஐ.சி. குடிப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பேட்டரியை 400 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்தால் கணக்குப்படி ஐந்து வருஷம் வர வேண்டும். அதற்குள் பேட்டரி சும்மா இருந்தே கெட்டுவிடும் என்பது வேறு விஷயம். எப்படியும் ஒரு வெள்ளாமை தாண்டும்.

பன்னிரண்டு நாள் தாண்டவில்லை. பதிமூன்றாம் ராத்திரி பன்றிக் கூட்டம் புகுந்து இருபது, இருபத்தைந்து வாழையைக் கிளறிப் போட்டுவிட்டது. கம்பி அறுந்து கிடக்கிறது, சைரன் ஊதவில்லை. பேட்டரியில் 2 வோல்ட் கூட இல்லை. புதுப் பேட்டரி போட்டேன். உடனே எல்லாம் அருமையாக வேலை செய்தது. கம்பியை அறுத்தால் ஊதுகிறது, பட்டனை அழுத்தினால் நிற்கிறது. ஆனால் நாலு நாள் கழித்து அளந்தால் பேட்டரி மறுபடி இறங்கியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி, இந்த வெளையாட்டுச் சாமானெல்லாம் எதுக்கு? பேசாம லைன்ல ஒரு வயரக் குடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெட்டி நம்பிக்கை தரவில்லை என்றால் அடுத்து அந்த வேலியில் என்ன ஏறும் என்பது எனக்குத் தெரியும்.

மடை அடைத்த வாய்க்கால்

ஐ.சி.யைக் கழற்றிக் கொண்டுபோய் லேபில் ட்ரூத் டேபிள் பார்த்தேன். நான்கு கேட், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, மொத்தம் பதினாறும் சரி. லேப் கணக்கில் அது நல்ல ஐ.சி.

வழி காட்டியது பெரியப்பாதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "எல்லா மடையையும் அடைச்ச பொறவும் வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சுன்னா என்னல அர்த்தம்?"

"எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம் பெரியப்பா."

"எலி வளை இருக்குன்னு அர்த்தம். மடையத் தொறந்து வச்சிக்கிட்டுப் பாத்தா ஒரு நாளும் தெரியாது. அடைச்சிட்டுத்தான் பாக்கணும்."

சி.மாஸ் ஐ.சி.யின் ரகசியம் முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. ஒரு சி.மாஸ் கேட்டில் சப்ளை பக்கம் பி வகை டிரான்சிஸ்டர்கள், கிரவுண்டு பக்கம் என் வகை டிரான்சிஸ்டர்கள். மேல் பக்கம் வழி திறந்தால் கீழ்ப் பக்கம் மூடியிருக்கும். கீழே திறந்தால் மேலே மூடியிருக்கும். எந்த நிலையிலும் சப்ளையில் இருந்து கிரவுண்டுக்கு நேர்வழி கிடையாது. 0-வில் இருந்து 1-க்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் கரண்ட் துள்ளும். மாறி முடிந்து ஓய்ந்தபின் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடக் கூடாது. 4011-ன் டேட்டா ஷீட்டில் 5 வோல்ட்டில் ஓய்வுநிலைக் கரண்ட் சாதாரணமாக ஒரு மைக்ரோ ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு என்றுதான் போட்டிருக்கும். அதாவது எல்லா மடையும் அடைத்த வாய்க்கால்.

அப்படிப்பட்ட ஐ.சி. ஓய்வில் இருக்கும்போது கரண்ட் ஓடினால், உள்ளே எலி வளை இருக்கிறது என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

ஒரு ரெசிஸ்டர், ஒரு மீட்டர்

அளக்கிற விதத்தைச் சொல்கிறேன். நம் லேபில் இருக்கிற சாமானே போதும். 9 வோல்ட் சப்ளைக்கும் ஐ.சி.யின் 14-ம் பின்னுக்கும் நடுவில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 14-க்கும் 7-க்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். மாறுகிற கணத்துத் துள்ளலை அது பார்த்துக்கொள்ளும். மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். 1 மில்லி வோல்ட் காட்டினால் 1 மைக்ரோ ஆம்பியர். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம்.

இரண்டு விஷயம் முக்கியம். அவுட்புட்டில் எல்.இ.டி. எதுவும் இருக்கக் கூடாது. அதன் கரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும். பயன்படாத இன்புட் ஒன்றுகூட அந்தரத்தில் தொங்கக் கூடாது. சப்ளையிலோ கிரவுண்டிலோ கட்டிவிட வேண்டும். தொங்குகிற இன்புட் இரண்டுங்கெட்டான் வோல்ட்டேஜில் நின்று மேலேயும் கீழேயும் பாதி திறந்துவிடும். அப்புறம் நல்ல ஐ.சி.யும் கெட்டது போலத் தெரியும்.

இப்படி ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் கேட்டில் 00 கொடுத்தேன்: மீட்டரில் 00.0. அடுத்து 01: அதுவும் 00.0. பின்பு 10: 00.0. கடைசியாக 11 கொடுத்தேன். மீட்டர் ரேஞ்சைத் தாண்டிப் போய்விட்டது. 2 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றினால் 1.2 வோல்ட். அதாவது 1.2 மில்லி ஆம்பியர்! நூற்றில் ஒரு மைக்ரோ ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் லட்சம் மடங்குக்கு மேல்.

அந்த நேரத்தில் அவுட்புட்டை அளந்தேன். 11-க்கு நேண்ட் கேட் 0 தர வேண்டும். 0.2 வோல்ட் இருந்தது. லாஜிக்குக்கு அது சுத்தமான 0. எல்.இ.டி. எரியாது, ட்ரூத் டேபிளும் "சரி" என்றுதான் சொல்லும். உள்ளே நடந்தது என்ன? மூடியிருக்க வேண்டிய மேல் பக்கத்தில் சில கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு. கீழ்ப் பக்கத்து டிரான்சிஸ்டர் பலசாலி. கசிந்து வருகிற கரண்டை எல்லாம் கிரவுண்டுக்கு இறக்கி, அவுட்புட்டை 0-விலேயே பிடித்து வைத்துக்கொண்டது. குற்றம் வெளியே தெரியாமல் போனது இப்படித்தான். அதற்கான விலையைப் பேட்டரி கொடுத்துக்கொண்டிருந்தது.

கொடுமை என்னவென்றால், என் லாட்சில் அந்தக் கேட் ராத்திரி பகலாக நிற்பது அதே 11 நிலையில்தான். சைரன் ஊதும்போது கசிவு இல்லை. அமைதியாகக் காவல் இருக்கும்போதுதான் கசிவு. 1 கிலோ ஓம் தடை இல்லாமல் நேரே பேட்டரியில் போட்டால் கிட்டத்தட்ட 1.4 மில்லி ஆம்பியர். 400-ஐ 1.4-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 285 மணி நேரம். பன்னிரண்டு நாள்!

உதிரியாக வாங்கி வந்த ஐ.சி.களை ஒவ்வொன்றாக இதே முறையில் பார்த்து, நான்கு கேட்டிலும் நான்கு வரியிலும் 00.0 காட்டியதை மட்டும் பெட்டியில் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பேட்டரியை அளந்தேன். மாற்றம் ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் இரண்டு தடவை கம்பி அறுந்தது, இரண்டு தடவையும் சைரன் ஊதியது. பெரியப்பா வேலியில் லைன் கரண்ட் ஏறவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் "நமக்கும் ஒண்ணு செஞ்சு தா தம்பி" என்று கேட்டு வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் சார்ஜே சி.மாஸ் ஐ.சி.க்குள் இப்படி ஓட்டை போடப் போதும். அதனால்தான் அதைக் கறுப்பு நிறக் கடத்தும் ஸ்பாஞ்சில் குத்தித் தர வேண்டும் என்பார்கள். வெறும் தெர்மோகோலில் குத்தியிருந்தால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

பெரியவர்கள் கண்ட வழி

வயக்காட்டில் நான் செய்தது புதிதல்ல. தொழிற்சாலைகளில் இதற்கு ஐ.டி.டி.க்யூ. சோதனை என்று பெயர். ஐ.டி.டி. என்பது சப்ளை கரண்ட். க்யூ என்பது ஓய்வுநிலையைக் குறிக்கும் எழுத்து.

1963-ல் ஃபேர்சைல்ட் கம்பெனியில் ஃபிராங்க் வான்லாஸும் சி.டி. ஷாவும் சி.மாஸ் சர்க்யூட்டை உலகத்துக்குக் காட்டினார்கள். ஓய்வில் மின்சாரம் தின்னாது என்பதுதான் அதன் பெருமையே. 1968-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி 4000 வரிசையைக் கொண்டுவந்தது. நாம் லேபில் தொடுகிற 4011 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 1981-ல் நடந்த சர்வதேச டெஸ்ட் மாநாட்டில் லெவி என்பவர், சோதிக்க மிகவும் ஏற்றது சி.மாஸ்தான் என்று கட்டுரை படித்தார். காரணம் இந்த ஓய்வுநிலைக் கரண்ட். அடுத்த ஆண்டே, 1982-ல், யஷ்வந்த் மாலையாவும் எஸ்.ஒய்.எச். சூவும் சி.மாஸுக்கான பிழை மாதிரியையும் அதைக் கரண்ட் மூலம் சோதிக்கும் முறையையும் வகுத்தார்கள். மாலையா நம் நாட்டில், பிலானியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். பின்னர் சாண்டியா ஆய்வகத்தின் ஜெர்ரி சோடனும், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹாக்கின்ஸும், அவுட்புட் சோதனையில் தப்பிவிடும் கேட் ஆக்சைடு ஷார்ட்டுகள் கரண்டில் மாட்டிக்கொள்வதை ஆராய்ச்சி செய்து காட்டினார்கள்.

இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறது? வழக்கமான சோதனையில், ஐ.சி.யின் நடுவயிற்றில் ஒரு பிழை இருந்தால் முதலில் அதைத் தூண்ட வேண்டும். பிறகு அதன் விளைவை எத்தனையோ கேட்டுகளைத் தாண்டி அவுட்புட் பின் வரை இழுத்து வர வேண்டும். இரண்டாவது வேலைதான் கஷ்டம். கரண்ட் சோதனையில் தூண்டிவிட்டால் போதும். எந்த மூலையில் கசிந்தாலும் தண்ணீர் ஒரே தலைமதகு வழியாகத்தானே வர வேண்டும்? சப்ளை பின்னில் காவல் இருந்தால் ஐ.சி. முழுவதற்கும் காவல் இருந்த மாதிரி.

இன்னொரு லாபமும் உண்டு. ஓய்வில் அதிகம் குடிக்கிற ஐ.சி. இன்றைக்குச் சரியாக வேலை செய்தாலும், உள்ளே ஒரு பலவீனம் இருக்கிறது. கொஞ்ச காலம் ஓடியபின் முழுசாக விழுந்துவிடுகிற வாய்ப்பு அதிகம். அந்த ஐ.சி. ஆஸ்பத்திரிக் கருவியிலோ செயற்கைக்கோளிலோ போய் உட்கார்ந்தபின் விழுந்தால் என்ன ஆகும்?

ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. உள்ளே ஒரு இணைப்பு அறுந்திருந்தால் கரண்ட் கூடாமலே போகலாம்; அதற்கு ட்ரூத் டேபிள்தான் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் சர்க்யூட் ஓயும்வரை காத்திருந்து அளக்க வேண்டியிருப்பதால் நேரமும் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய சிக்கல், டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே போனது. சிறிதாக ஆக, மூடிய டிரான்சிஸ்டரும் முழுசாக மூடுவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கசிகிறது. கோடிக்கணக்கில் அப்படிக் கசிந்தால் நல்ல சிப்புக்கே ஓய்வுநிலைக் கரண்ட் பெரிசாகிவிடும். அதற்கு நடுவில் ஒரு சின்ன எலி வளையை எப்படிப் பிடிப்பது?

நம் வீட்டு ஈ.பி. மீட்டரை நினைத்துப் பாருங்கள். எல்லா சுவிட்சையும் அணைத்தபின் மீட்டர் விளக்கு மின்னினால் எங்கோ லீக்கேஜ் என்று கண்டுபிடித்துவிடலாம். பிரிட்ஜை அணைக்க முடியாத வீட்டில்? மற்ற ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்து, எந்த சுவிட்சுக்குக் கணக்குக்கு மீறி எகிறுகிறது என்று வித்தியாசத்தைப் பார்ப்போம். 1996-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆன் கட்டிக்கரும் வோய்ச்செக் மாலியும் சொன்ன வழியும் அதுதான். மொத்த அளவை மட்டும் பார்க்காதே. பல நிலைகளில் அளந்த கரண்டுகளை வரிசைப்படுத்து. படிக்கட்டு மாதிரி திடீரென்று ஒரு தாவல் இருந்தால் அங்கே குற்றம் இருக்கிறது. என் 4011-ல் நான்கு நிலையில் மூன்று 00.0 காட்டி, ஒன்று மட்டும் எகிறியதே, அதே கதைதான்.

நமக்கு இதில் என்ன?

நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுக்காக விக்ரம் 3201 என்ற 32 பிட் பிராசஸரை உருவாக்கியது. அது தயாரானது பஞ்சாப் மொஹாலியில் உள்ள எஸ்.சி.எல். ஆலையில், 180 நானோமீட்டர் சி.மாஸ் முறையில். 2025 மார்ச்சில் அதன் முதல் தொகுதி ஒப்படைக்கப்பட்டது. 1984-ல் உற்பத்தி தொடங்கி, 1989-ல் தீ விபத்தில் பெரும் சேதம் கண்டு, மறுபடி எழுந்து நின்ற ஆலை அது. 2024 பிப்ரவரியில், அசாமிலும் குஜராத்திலும் சிப்புகளைப் பேக்கேஜ் செய்து சோதிக்கும் ஆலைகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சிப் என்றதும் டிசைன் மட்டும்தான் பெரிய வேலை, அது பி.இ., எம்.இ. படித்தவர்களுக்குத்தான் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். "டிப்ளமோவா? டெஸ்டிங்ல போடுவாங்க" என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். போடட்டுமே! நல்லது போல நடிக்கிற ஒன்றைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை சின்ன வேலையா? அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒருவன் ராத்திரி குடிசையில் கண்ணை மூடித் தூங்குகிறான்.

எனவே நம் மாணவர் சங்கத்தின் மூலமாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஆண்டு டிஜிட்டல் லேபில் ட்ரூத் டேபிள் போடும்போது, அவுட்புட் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கோடு போடுவோம். அதற்கு "கரண்ட்" என்று தலைப்பு வைப்போம். ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், ஐந்து நிமிஷமும் கூடுதலாகத் தேவை. ஆசிரியர்கள் நிச்சயம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஜூனியர்களே, உங்கள் ரெக்கார்டு நோட்டில் அந்தக் கட்டம் இருக்கட்டும்.